எதிரணிக்கு ஒரு பந்தி

பிப்ரவரி 10, செவ்வாய்

லீக் செயலாளர் இன்று காலை தொலைபேசியில் உறுதிசெய்தார்: எங்கள் கால்பந்து கிளப்பான புடோண்டோ யுனைடெட்டின் மைதானத்தில் எதிரணிக்குச் சாப்பாடு போடத் தற்காலிகத் தடை. விசாரணை 19ஆம் தேதி, கிட்வே நகரில். புகார் நிரூபணமானால் பந்தி அடியோடு நிற்கும். சமைக்கும் பானா கசோண்டே அதன்பின் மைதானத்துக்குள் வர முடியாது.

உள்ளூர் நிருபர் என்ற முறையில் பத்திரிகைக்கு மூன்று வரிச் செய்தியாக அனுப்பிவிட்டேன். 

சனிக்கிழமை நடந்தது இவ்வளவே. கால்பந்து ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல் வேலியோரம் பந்தி. ஜெயித்தாலும் தோற்றாலும் வந்தவர்களுக்குச் சோளக் களியும் கீரையும் கருவாடும் போட்டுத்தான் அனுப்புவோம். வேறு ஊர்களில் எதிரணி தரும் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்கள். சூனிய மருந்து வைத்திருப்பார்கள் என்று பயம். பானா கசோண்டே பெம்பா இனம். அன்று வந்த கப்வே அணியின் கோல்கீப்பர் ஜெரே அங்கோனி இனம். இரண்டு இனத்துக்கும் கேலிமுறை, திட்டிக்கொள்ளாவிட்டால்தான் தப்பு.

"எலி தின்னு வளர்ந்த வாய்க்கு எங்க கருவாடு இறங்குமாடா? மருந்து போட்டிருக்கேன். அடுத்த வாட்டி பந்து உன் கையில நிக்காது."

"போடு அக்கா. குரங்குக் கறி போடாம விட்டியே, அதுவே புண்ணியம்."

ஊர் திரும்பும் பேருந்தில் ஜெரேவுக்கு வாந்தி, காய்ச்சல். ஆட்டக் கண்காணிப்பாளர் பானா கசோண்டே சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டார். சிரிப்பை எழுத அதில் இடமில்லை.

பிப்ரவரி 12

கிளப் தலைவர் கபெம்ப்வா சொன்னது: "நல்லதாப் போச்சுன்னு வைங்க. நாம கிளப்பா, ஓட்டலா?"

எது கிளப்? சட்டையின் நிறம் விளம்பரக்காரர் மாறும்போதெல்லாம் மாறியது. கோப்பை ஒன்றுமில்லை. நன்றாக ஆடுகிறவன் தலைநகர் லுசாகாவுக்குப் போய்விடுகிறான். ஆனால் எந்த ஊரில் புடோண்டோ என்றாலும், "சோறு போடுவாங்களே, அவங்களா?" என்கிறார்கள். அந்தக் கேள்வி கேட்டு ஒருநாளும் எனக்குக் கூச்சம் வந்ததில்லை.

பிப்ரவரி 15

பானா கசோண்டே வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேசினது என் வாய். என்னை நிறுத்தட்டும் தம்பி. பந்தியை எதுக்கு நிறுத்தணும்?"

அவர் அழவில்லை. நானும் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய்ந்தேன்.

பிப்ரவரி 19

விசாரணைக்கு ஜெரே வந்தான்! யாரும் கூப்பிடவில்லை. கப்வேயிலிருந்து தானே பஸ் ஏறி வந்திருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்றான். பிறகு, "அந்தம்மா எனக்குக் கேலிமுறை சார். திட்டாம போட்டிருந்தாத்தான் பயந்திருப்பேன்."

விசாரணைக் குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். தீர்ப்பு சொல்லவில்லை. தடை தொடர்கிறது.

அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 21, சனி

ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம். வேலியோரம் காலியாக இருந்தது. சோல்வேசி அணி பேருந்தில் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கியது.

"என்னப்பா, ஜெயிச்சதுக்குத் தண்டனையா?" என்றார் அவர்களுடைய பயிற்சியாளர். "இங்க சாப்பிடலாம்னு காலைலேர்ந்து வயித்தக் காயப்போட்டிருக்கானுங்க."

 எங்கள் அணிக்கு முரசு அடிக்கும் சிலெஷே கத்தினான்: "தடை மைதானத்துக்குத்தானே? என் வீடு என்ன மைதானமா?"

ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு ஆட்டக்காரர்களாகத் தங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு கோல் போட்டவன் எனக்கு!"

"அவனையா? பட்டினி போடு அவனை!"

நான் பயிற்சியாளரையும் ஓட்டுநரையும் கூட்டிப்போனேன். மனைவி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உலை வைத்தாள். அவளுக்கும் என் நன்றி.

வழியனுப்பத் திரும்பி வந்தபோது பேருந்து வாசலில் கபெம்ப்வா, கார்க் கதவைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"எனக்கு மட்டும் ஆளே இல்லையாய்யா? வீட்ல கோழி அடிச்சாச்சு."

ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த மாற்று ஆட்டக்காரர்கள் இருவர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவர் காரில் ஏறினார்கள். பேருந்து காத்திருந்தது.

தீர்ப்பு 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை, எழுத்தில் வரும். மறுநாள் இங்கே ஆட்டம்.