படியில் விழுந்ததாக எழுதியிருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். மார்ச் பிறந்ததும் ஆரணிக்கு மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ. கரண்ட் போய்ப் போய் வந்தது. இன்வெர்ட்டர் தாங்கியது.

வருடாந்திர ஹிப்பா பரீட்சை. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்கிற அமெரிக்கச் சட்டம். இங்கே உட்கார்ந்து அவர்கள் ஆஸ்பத்திரி ஃபைல்களைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன கோடு நம்பர் என்று போடுகிற எனக்கும் அதேதான். பாஸ். எல்லாம் மனப்பாடம்:

— அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.
— போன், பேனா, பேப்பர் உள்ளே கூடாது.
— தெரிந்தவர் ஃபைல் வந்தால் உடனே மூடிவிட்டு டீம் லீடரிடம் (டி.எல்.) சொல்ல வேண்டும்.
— வேலைக்குத் தேவையில்லாத ஃபைலைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு கிளிக்கும் பதிவாகும்.

பேனா கூடாதென்பதால் இந்த டைரி அடுப்படியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால்.

இவர் கூடத்தில், தறியில். நான் பட்டு நூல் வைக்கிற சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. "உள்ள இன்னாதான் ரகசியம்? சாராயம் காய்ச்சறியா?" என்கிறார். தினமும் இதே ஜோக். தினமும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

எதிர் வீட்டு அத்தைக்குக் கதவு தட்டுகிற பழக்கமே கிடையாது. இன்றும் நேராக உள்ளே. நான் மீட்டிங்கில். "யாருங்க அது பின்னாடி?" என்றார் டி.எல். அத்தை திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு ஒரு எச்சரிக்கை. அத்தைக்கோ பெருமை: "எம்பொண்ணு இருக்கற ஊருக்குத்தான நீ வேல செய்ற?" அவள் மகள் கல்யாணமாகி அங்கே போய் இரண்டு வருடம். அத்தைக்கு அமெரிக்கா முழுக்க ஒரே ஊர்.

மார்ச் 5, புதன்

எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி.

இன்று ஒரு எமர்ஜென்சி ஃபைல். பெயர். அதோடு அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அதுதானே கடைசிப் பெயராகிவிடுகிறது. வயது. பேசும் மொழி தமிழ். கணவர் பெயர். திரும்பத் திரும்பப் படித்தேன். எதிர் வீட்டு அத்தையின் மகளேதான். பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். ர. போதும்.

படியில் விழுந்ததாக எழுதியிருக்கிறது. இடது கையில் எலும்பு முறிவு, முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கம். முகத்துக்கு வருவதைக் கையைத் தூக்கித் தடுத்தால் அடி அங்கேதான் படும். கீழே ஒரு வரி: "நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. கணவர் மொழிபெயர்த்தார்."

தெரியாதா? ர. பி.எஸ்சி. படித்தவள். காலேஜ் ஆண்டு விழாவில் மேடையேறி இங்கிலீஷில் வெளுத்து வாங்கினவள். அத்தையோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவள் நான்.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அவளுடைய பழைய வருகைகளையும் திறந்தேன். எனக்கு அனுமதி இல்லாதது. இன்னும் இரண்டு. பாத்ரூமில் வழுக்கினாளாம். அலமாரிக் கதவு முகத்தில் இடித்ததாம். இரண்டிலும் அதே வரி. கணவர் மொழிபெயர்த்தார்.

விழுந்ததற்கு ஒரு கோடு. வழுக்கினதற்கு ஒரு கோடு. வீட்டில் அடி வாங்கினதற்கும் கோடு இருக்கிறது. ஆனால் டாக்டர் எழுதியிருந்தால்தான் போடலாம், நானாக யூகித்துப் போட முடியாது. படியில் விழுந்தாள் என்றே போட்டு அனுப்பினேன்.

அனுப்பின பிறகுதான் பயம் முழுசாக வந்தது. மூன்று இடத்திலும் என் கிளிக் பதிவாகியிருக்கும். சோறு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லியா?" என்றார் இவர். தலைவலி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

விடியும்போதே தெருவில் பாவு நீட்டினோம், இவருடைய அடுத்த சேலைகளுக்கு. தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்து... நாலு வீட்டார் கை கொடுத்தால்தான் ஆகிற வேலை. இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன என்பது பாவுக்கு இருபுறமும் நின்று பேசித்தான் எல்லோருக்கும் தெரிகிறது. இன்று எனக்கு நேர் எதிரே அத்தை.

"வீடியோல வரவே மாட்டேன்றாடி. கேமரா ரிப்பேராம். எப்ப பேசனாலும் மாப்ள பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டு மூணு பேருமா பேசுவோம். இந்தக் காலத்துல எந்த மாப்ள இப்டி இருக்காரு, சொல்லு?"

என் கையிலிருந்த இழை அறுந்தது. இவர் முறைத்தார்.

வாய் சும்மா இருந்ததா? "அவரு ஆபீஸ் போயிருக்கச்சே அவகிட்ட தனியா ஒருவாட்டி பேசிப் பாருங்களேன், அத்தே."

"ஏன்டி?"

"சும்மாத்தான். பொண்ணுங்களுக்கு அம்மாகிட்ட தனியா பேச ஆச இருக்கும் இல்ல?"

அத்தை தலையாட்டினாள். ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். இருந்தாலும் வீட்டுக்குள் வந்ததும் சொன்னதையெல்லாம் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 8, சனி

லீவு. மாவு அரைத்தது, போர்வை துவைத்தது. இவருக்கு ஜரிகை வாங்க பஜார்.

திரும்பி வந்தால் அத்தை, ரவா லட்டோடு. முகமெல்லாம் சிரிப்பு.

"நீ சொன்ன மாதிரியே கேட்டுட்டேன்."

"அவகிட்ட பேசினீங்களா?"

"மாப்ளதான எடுக்கறாரு. அவ போன் கெட்டுப்போச்சாம். 'எதிர் வீட்டு கலா எம்பொண்ணுகிட்ட தனியா பேசச் சொன்னா, ஜல்தியா குடுங்க'ன்னேன். யாரு கலான்னாரு. அமெரிக்கா ஆஸ்பத்திரி ஃபைல்லாம் வீட்ல இருந்தே பாக்கறா, பெரிய வேலைன்னேன். உன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னேன்டி. உன் நம்பர்கூட கேட்டு வாங்கிகினாரு."

கடித்த லட்டைத் தட்டிலேயே வைத்தேன்.

"அவ பேசினாளா அத்தே?"

"தூங்கறாளாம்."

அத்தையை எப்படித் திட்டுவது? மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மகளிடம் பேசுவதுதான் அவளுக்குத் தப்பு. கேட்டுவிட்டுப் பேசினால் மரியாதை.

மதியம் வாட்ஸப்பில் வெளிநாட்டு நம்பர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம் அக்கா. நீங்க எந்த ஆஸ்பத்திரிக்கு வேலை செய்றீங்கன்னு தெரிஞ்சிக்கலாமா? இங்க பிரைவசி சட்டம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஒரு கம்ப்ளெயின்ட் போதும், வேலை போய்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கடைசியில் கும்பிடுகிற கை. அந்தக் கும்பிடுதான் எனக்கு ரொம்பப் பயம்.

பதில் போடவில்லை. ஆனால் நீல டிக் விழுந்துவிட்டது. படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்காகப் போட்ட சட்டம், அவன் அதன் பின்னால் நின்றுகொண்டு என்னை மிரட்டுகிறான்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் இல்லை.

முதலில் என் வேலையை நினைத்துத்தான் பயந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்புறம்தான் அவள். தூங்கறாளாம். நான் வாயைத் திறந்ததற்கு அங்கே அவளுக்கு என்ன கிடைத்ததோ? அந்த உடைந்த கையோடு.

போனையே நான் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு இவர் கேட்டார். "யாரோ உன்ன மெரட்றாங்களா? சொல்லு."

"சொல்லக் கூடாதுங்க."

"எனக்குக்கூடவா?"

"ஆமா."

தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்ச் சாப்பிட்டார்.

மார்ச் 10, திங்கள்

ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் அவள் பெயர் வந்துவிடுமோ என்று பயம். மத்தியானத்துக்கு மேல் அதைவிட மோசமாக ஒன்று தோன்றியது. இனி வராமலே போய்விட்டால்?

யோசித்தவை:
அந்த ஊர் போலீசுக்குப் போன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.
அத்தையிடம் எல்லாம் சொல்வது. அடுத்த நிமிடம் மாப்பிள்ளைக்குப் போன் போகும். பஞ்சாயத்து பேசி "அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள்.
டாக்டருக்குக் கேள்வி அனுப்புவது. கோடு போட்டு முடித்த ஃபைல். வழி இல்லை.
சும்மா இருப்பது. இது ரொம்பச் சுலபம். நான் இதில் கெட்டிக்காரி.

சாயங்காலம் பயிற்சிப் பாடத்தை மறுபடி பார்த்தேன். விதியை மீறினவர் தானே எழுதிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியின் பிரைவசி ஆபீசர் அதைப் படித்தே ஆக வேண்டும். அதில் ஒரு கேள்வி: அந்த ஃபைலை ஏன் திறந்தீர்கள்?

இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் நான் எழுதுவதைக் கட்டாயம் படிக்க ஒரே ஒரு ஆள். அதுவும் நான் தப்பு செய்தேன் என்று எழுதினால்தான்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

நோயாளி எனக்குத் தெரிந்தவர். தெரிந்தும் மூடவில்லை. அனுமதியில்லாமல் பழையதையும் பார்த்தேன். ஏன்? மூன்று முறையும் கணவர்தான் பேசியிருக்கிறார். நோயாளிக்கு நன்றாக இங்கிலீஷ் தெரியும். அவரைத் தனியாக வைத்து யாரும் எதுவும் கேட்டதாக எழுதப்படவில்லை. அந்தக் கணவர் எனக்கு அனுப்பின மெசேஜ் இது.

கடைசியாக ஒன்று. விவரம் கசிந்தால் நோயாளிக்குக் கடிதம் போடுவது உங்கள் நடைமுறை. தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போடாதீர்கள். கணவர்தான் பிரிப்பார்.

அனுப்புகிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம். கூடத்தில் இவர் தறிச் சத்தம் நின்றது, உள்ளே வரப்போகிறார் என்று நினைத்து அமுக்கிவிட்டேன். நூல் மாட்டத்தான் நிறுத்தியிருக்கிறார்.

டி.எல். போனில் கத்தினார். "யாராச்சும் கேட்டாங்களா உங்கள? ஆடிட்ல மாட்டியிருக்கவே மாட்டீங்க. நீங்களே போய் ஏங்க தலைய குடுத்தீங்க? டீமுக்கே பேஜாரு."

"சாரி சார்."

"சாரியா? உங்க வேலைங்க!"

போனை வைத்துவிட்டு அறைக்குள் வந்தால் திரை அணைந்திருந்தது. என் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பிரைவசி ஆபீசர் என் போனில், வீடியோவில். நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி. கோபமில்லாமல் கேட்டார், அதனாலேயே அழுகை வந்தது. வேறு யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை. உங்கள் கணவரிடம்? இல்லை. அவர் நம்பவில்லையோ என்னவோ, மறுபடியும் கேட்டார். இல்லை.

நான் கேட்டேன், அவள் எப்படி இருக்கிறாள் என்று.

"மன்னியுங்கள். அதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

என்ன செய்யப் போகிறீர்கள்?

"அதையும்தான்."

முடிக்கும்போது நன்றி என்றார். எதற்கென்று சொல்லவில்லை.

லேப்டாப்பை வாங்கிப் போக கூரியர் ஆள் வந்தான். வேலை போனதை இவரிடம் சொன்னேன். இனி இவர் தறி மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து மீன் வாங்கி வந்து அவரே கழுவினார். அப்போதுதான் நன்றாக அழுதேன்.

மார்ச் 15, சனி

அவனிடமிருந்து: "கம்ப்ளெயின்ட் போட்டாச்சு அக்கா."

என்னிடம் பறிக்க இனி எதுவும் இல்லை, அது அவனுக்குத் தெரியாது. ஆனால் வேறு எதையாவது கண்டுபிடித்துவிட்டானா? கடிதம் வீட்டுக்கே போய்விட்டதா? யாராவது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் பயந்து ஒன்றுமில்லை என்று சொல்லி, அவனோடேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டாளா?

எதிர் வீட்டில் சத்தமில்லை. எழுந்ததும் முதல் வேலை அதுதான், அங்கிருந்து அழுகைச் சத்தம் வருகிறதா என்று கேட்பது. இன்று டி.வி. மட்டும். அத்தை வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, "இன்னா கலா, லீவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

புழுக்கம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அழுதுகொண்டே உள்ளே வந்தாள், கையில் போன். முறம் கை நழுவி அரிசியெல்லாம் தரையில். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"எம்பொண்ணு பேசனாடி. வேற நம்பர்ல இருந்து. தனியா."

"இன்னா சொன்னா?"

"நல்லா இருக்கேம்மா, பொண்ணுங்க மட்டும் இருக்கற ஒரு எடத்துல இருக்கேன்னா. எந்த எடம்னா, சொல்லக் கூடாதாம். பெத்தவகிட்டகூட சொல்லக் கூடாதுன்னு ரூல்சாம். இன்னா ரூல்சுடி அது? நீதான் அங்கத்து ரூல்செல்லாம் படிச்சவளாச்சே."

"இருக்குது அத்தே. அந்த மாதிரி எடத்துக்கு இருக்குது."

"எந்த மாதிரி எடம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கையில் போன் அடித்தது. மாப்பிள்ளை. கல்யாணத்தில் எடுத்த படம், மாலையோடு.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், தேடிகினு இருப்பாரு. பேசனான்னு சொல்லிடறேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "யாருகிட்டயும் சொல்லாதன்னு அவ சொன்னாளா இல்லியா?"

"சொன்னா. யாருகிட்டயும்னா வெளி ஆளுங்கள. மாப்ளகிட்ட இன்னாடி..."

பாதியில் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எதையும் சொல்லவில்லை. கையையும் விடவில்லை.

போன் நின்றது. மறுபடியும் அடித்தது.

அத்தை சிதறின அரிசி மேலேயே உட்கார்ந்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"இத எப்டிடி நிறுத்தறது?"