பட்டியலில் அம்மாவின் பெயர்

மார்ச் 18, 2006. சனி. கொலாஷின்.

காலையில் அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா காபி போட்டாள். மாடியில் இருக்கும் பெரியப்பா நேற்று ஒரு பெரிய செர்பியக் கொடியைத் தொங்கவிட்டார். அது கீழே இறங்கி எங்கள் ஜன்னலை முழுசாக மூடிவிட்டது.

அப்பா வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். "அண்ணே, உன் கொடி என் வீட்டுக்குள்ள வருது."

"வரட்டுமே. உன் வீட்டுக்குள்ளயும் ஒரு நல்லது நுழையட்டும்."

"என்கிட்ட கத்திரிக்கோல் இருக்கு."

"என்கிட்ட கோடாலி இருக்கு, ராட்கோ."

மே 21 வரை இப்படித்தான் இருக்கும்போல. அன்றைக்கு ஓட்டு: மாண்டினீக்ரோ செர்பியாவை விட்டுப் பிரிந்து தனி நாடாக வேண்டுமா, வேண்டாமா. அப்பா 'வேண்டும்'. தன் டயர் கடையில் சிவப்புக் கொடி கட்டியிருக்கிறார். வெசலின் பெரியப்பாவும் ஸ்தானா பெரியம்மாவும் 'வேண்டாம்'. அம்மா செர்பியாவில், பொஜெகாவில் பிறந்தவள். ஆனால் பதினேழு வருஷமாக இங்கே குடியிருக்கிறாள், ஓட்டும் இங்கேதான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேருமே அவள் ஓட்டு தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 24

ஒரு நோட்டில் இரண்டு பக்கத்துக் காரணங்களையும் நடுநிலையோடு எழுதிவைப்பது என்று முடிவு செய்தேன். வரலாற்று ஆசிரியர், "வகுப்புல இந்தப் பேச்சு எடுத்தா வெளிய நிக்கணும்" என்று சொல்லிவிட்டதால் ரொட்டிக் கடை வரிசையில் நின்று, முன்னால் இருந்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"உன் தாத்தன் நாப்பத்தொண்ணு யுத்தத்துல யார் பக்கம் இருந்தான்னு எனக்குத் தெரியாதா?"

"உன் தாத்தன் எந்தப் பக்கமும் இல்ல. வைக்கோல் போர்ல ஒளிஞ்சிருந்தான்."

நாற்பது நிமிஷம் நின்றேன். காரணம் என்று எழுதத் தக்கது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரொட்டியும் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 4

அப்பா கொடியின் அடிப்பாகத்தை நேராக வெட்டிவிட்டார். அடுப்படிக்கு வெளிச்சம் வந்துவிட்டது. அம்மா, "இதுக்கு அந்த இருட்டே தேவலாம்" என்றாள்.

ஏப்ரல் 9. ஞாயிறு.

இன்று எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது!

கோய்க்கோ மாமா வந்தார். முன்பு தபால்காரராக இருந்தவர், இப்போது எங்கள் தெருவுக்கு 'வேண்டும்' பக்கத்துப் பொறுப்பாளர். எண்பத்தாறு வீட்டுப் பட்டியல் அவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருக்கு ஓட்டு, பெயருக்கு நேரே கூட்டல், கழித்தல் அல்லது கேள்விக்குறி. மழையில் நனைந்து பாதி அழிந்துபோயிருந்தது. "பாப்பா, உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு உங்கப்பன் சொன்னான். நல்ல தாள்ல எழுதிக் குடு. நூத்துக்கு அம்பத்தஞ்சு வரணுமாம், இல்லேன்னா செல்லாதாம். ஒண்ணு ஒண்ணா எண்ணணும்."

மதியம் முழுவதும் எழுதினேன். இந்தத் தெருவில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன், இவ்வளவு எனக்குத் தெரியாது. மூன்றாம் வீட்டுக் கிழவர் ஒரு மூட்டை மாவுக்குக் கழித்தலிலிருந்து கூட்டலுக்கு வந்திருக்கிறார். ரொட்டிக் கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதனால் கேள்விக்குறி.

எங்கள் வீடு வந்தது. ராட்கோ, கூட்டல். தாரிங்கா, கூட்டல். அம்மாவுக்குப் போட்டிருந்தது தவறு என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாவு பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்: "என் தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்குடி எல்லையில நின்னு காகிதம் காட்டணும்?" அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

தவறு என்று தெரிந்தே அப்படியே எழுதினால் பிறகு பட்டியல் எதற்கு? கழித்தல் போட்டேன். அளவுகோல் வைத்து, அழகாக.

ஏப்ரல் 12

என்ன பண்ணிட்டேன் நான்.

அப்பாவின் கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கோய்க்கோ மாமா பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "ராட்கோ, கூட்டல். தாரிங்கா, கழித்—" அங்கேயே நிறுத்திவிட்டார்.

"கண்ணாடியப் போடு, கோய்க்கோ" என்றார் அப்பா.

"போட்டுத்தான் இருக்கேன்."

ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "ராட்கோ, நாட்டை அப்புறம் பிரிப்பியாம். முதல்ல உன் கட்டிலப் பிரி."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. என் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பாட்டுத் தூக்கை வாங்கித் திறக்காமல் வைத்தார்.

சாயங்காலம் அடுப்படியில் கேட்டார். "கழித்தலா நீ?"

"யாரு சொன்னா?"

"பட்டியல் சொல்லுது."

"பட்டியலுக்கு வாய் இருக்கா?"

சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். வெள்ளிக்கிழமை அந்த அடுப்படியில் இருந்தது இரண்டே பேர். எண்ணிப் பார்க்க அவளுக்கு வெகு நேரம் ஆகியிருக்காது.

நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15

அம்மா என்னிடம் பேசுகிறாள். ஸ்வெட்டர் போட்டுக்கோ, கதவைச் சாத்து, உப்பை எடு. அவ்வளவுதான் பேசுகிறாள்.

ஏப்ரல் 23. ஈஸ்டர்.

வழக்கமாக மாடியிலும் கீழேயும் ஒன்றாகச் சேர்ந்து சிவப்பு முட்டைகளை மோதி உடைப்போம். சிவப்பு 'வேண்டும்' கட்சியின் நிறம் என்று பெரியப்பா இந்த வருஷம் முட்டைக்கு நீலச் சாயம் போடச் சொல்லியிருக்கிறார். ஸ்தானா பெரியம்மா மாடிப்படியில் நின்று அழாத குறையாகச் சொன்னாள்: "தாரிங்கா, சாமி முட்டைடி. நான் என்னத்தப் பண்ணுவேன்?" அப்பா ஒரு நீல முட்டையை வாங்கி, தன் சிவப்பால் ஓங்கி அடித்தார். இரண்டும் சேர்ந்தே நொறுங்கின. பெரியப்பா, "பாத்தியா, இதுதான் நடக்கப்போவுது" என்றார். அப்பாவும் அதே நேரத்தில் அதே வார்த்தையைச் சொன்னார். வேறு வருஷமாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

மே 6

பட்டியல் விஷயம் மாடிக்கும் போய்விட்டது. பெரியப்பா இன்று ஒரு பாட்டில் தேனோடு இறங்கி வந்தார். இத்தனை வருஷமாக அம்மாவை "அந்தப் பொஜெகாக்காரி" என்றுதான் சொல்வார், அவள் காதுபடவே. இன்று "எங்க தாரிங்கா" என்கிறார். "உன் ரத்தம் உனக்குத் தெரியாம போயிடுமா, தாயி?"

அம்மா தேனை வாங்கவில்லை. "அத்தான், கல்யாணத்தன்னிக்கு என் அப்பா கொண்டுவந்த ஆட்டை 'நோஞ்சான் செர்பிய ஆடு'ன்னு சொன்னது யாரு?"

"அது... விளையாட்டுக்கு."

"நான் இன்னும் சிரிக்கல."

மே 14. ஞாயிறு.

அம்மாவின் அடையாள அட்டையைக் காணோம். அது இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. அலமாரி, கைப்பை, சட்டைப் பை எல்லாம் தேடினோம். நானும் சேர்ந்து தேடினேன். அப்பா பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"பத்திரமா இருக்கு. கடை டிராயர்ல. இருபத்திரெண்டாம் தேதி தரேன்."

"ராட்கோ, அது என் கார்டு."

"ஊரே சிரிக்குது தாரிங்கா. ஒரு ஓட்டுல போச்சுன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? உனக்கு நான் கெட்டதா பண்றேன்? பேசாம வீட்ல இருன்னுதான சொல்றேன்."

அம்மா கத்தவில்லை. நான் கத்தினேன். "அதை எழுதினது நான்! அம்மா எதுவுமே சொல்லல, நானா எழுதினேன்!"

"நீ பொய் எழுதறவ இல்ல" என்றார் அப்பா. அவர் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அது.

பிறகு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"எப்படி ஓட்டுப் போடப்போறேன்னு உன்கிட்ட நான் சொன்னேனா?"

"தங்கச்சி வீட்டுக்குப் போக எல்லையில ஏன் நிக்கணும்னு..."

"அது கவலை, இட்டானா. ஓட்டு இல்ல. எனக்கு இந்தப் பக்கமும் கவலை இருக்கு. அதையும் ஒருநாள் உன்கிட்ட சொல்லியிருப்பேன்."

அவ்வளவு சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 'சொல்லியிருப்பேன்' என்றாள். இனி சொல்லமாட்டாளா?

மே 21. ஞாயிறு. மாலை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அப்பா காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு மலைக் கிராமங்களிலிருந்து கிழவர்களை ஏற்றிவரப் போய்விட்டார். டிராயர் சாவி அவரிடம். மதியம் நான் மாடிக்குப் போய்ப் பெரியப்பாவிடம் அட்டை எங்கே இருக்கிறது என்று சொன்னேன். ஆமாம், நான்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெரியப்பா கடைப் பூட்டைத் திறக்கவில்லை, பெயர்த்தார். டயர் லீவரை டிராயர் இடுக்கில் கொடுத்து நெம்பினார். பலகை பிளந்துவிட்டது. அட்டையைக் கொடியைப்போல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இந்தா தாயி! போய் அவன் மூஞ்சியில குத்து!"

அம்மா அட்டையை வாங்கினாள். கையைத் துடைத்தாள். வெள்ளை பிளவுஸ் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நான் போறேன் அத்தான். நீங்க கூட வரக்கூடாது."

"வழியில எவனாவது மறிச்சா?"

"மறிச்சா நான் பாத்துக்கறேன். உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கலையா?"

ஆனாலும் அவர் இருபது அடி பின்னாலேயே போனார். அவர் பின்னால் நான். பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச் சாவடி. தெருவில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். பட்டியல் விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி, "வந்த இடத்துக்கே வேட்டு வைக்கிறா பாரு" என்றாள். இன்னொருவர், "சபாஷ் தங்கச்சி!" என்று கை தட்டினார். அம்மா இரண்டு பக்கமும் திரும்பவில்லை. சாவடி வாசலில் கோய்க்கோ மாமா நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், பிறகு தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். என் எழுத்தில் இருக்கும் தாள்.

அம்மா உள்ளே நான்கு நிமிஷம் இருந்தாள்.

மே 22

'வேண்டும்' ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஏதோ ஓர் அரை சதவீதம். நாடு முழுவதும் எண்ணி, அந்தக் கோட்டைத் தாண்டியது இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில். எங்கள் சாவடியில் 'வேண்டாம்'தான் ஜெயித்தது, ஆனால் அதனால் ஒன்றுமில்லை.

அப்பா விடிகாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கடைக்குப் போனார். பாட்டு நின்றுவிட்டது.

அண்ணனும் தம்பியும் முற்றத்தில் அடித்துக்கொண்டதை எழுதப்போவதில்லை. பெரியப்பாவுக்கு உதடு கிழிந்தது. ஜெயித்தது அப்பாவின் கட்சி, ஆனால் அழுதுகொண்டு உள்ளே வந்தது அவர்தான்.

"நீ எதுல போட்ட?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பெட்டியில."

சற்று நேரம் கழித்து மாடிப்படியிலிருந்து பெரியப்பாவும் அதையே கேட்டார். அவருக்கும் அதே பதில். "உனக்காக டிராயரை உடைச்சேனே!" என்றார்.

"எனக்காகவா?" என்றாள் அம்மா.

மே 26. வெள்ளி.

அம்மா காலை ரயிலில் பொஜெகாவுக்குப் போய்விட்டாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா தெருவில் சொல்கிறார். சித்தி நன்றாகத்தான் இருக்கிறாள். நேற்று போனில் பேசியது நான்தான். ரயில் நிலையத்தில் அம்மா என் காலரைச் சரிசெய்தாள். எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

ஜூன் 3

இன்று பாராளுமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள், தனி நாடு. அப்பா எனக்காகக் கச்சமாக் களி கிண்டினார். உருளைக்கிழங்கு வேகவேயில்லை, சோள மாவு அடிப்பிடித்துவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 11

அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், நாலு பக்கம். நான் செய்ததை எல்லாம் எழுதினேன், பெரியப்பாவிடம் போய்ச் சொன்னதையும் சேர்த்து. எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல் பார்த்து எழுதினேன்.

தபால் நிலையத்தில் இருந்த அம்மாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொஜெகா... இது இப்ப வெளிநாடா? இரு கண்ணு, உள்ள கேட்டுட்டு வரேன்." திரும்பி வர வெகு நேரம் ஆனது. உள்ளே இரண்டு பேர் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

ஜூலை 8. சனி.

பதில் வந்துவிட்டது. இரண்டே பக்கம், சித்தியின் பச்சை மையில்.

அம்மா அங்கே ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாளாம். தனியாக ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். லீவு முடியும்வரை நான் வந்து இருக்கலாமாம், பிறகு என்ன செய்வது என்று இரண்டு பேருமாகப் பேசுவோம் என்கிறாள். 'நீ ஒருத்திதான் நான் எப்படிப் போட்டேன் என்று கேட்கவில்லை. உங்கள் அப்பா கேட்டார், பெரியப்பா கேட்டார், இங்கே என் தங்கைகூட முதல் நாளே கேட்டாள். அதனால் உனக்குச் சொல்கிறேன்.' கடைசி வரியில் சொல்லியிருக்கிறாள்.

எல்லையில் கேட்டால் காட்ட, தகப்பனார் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். நானே எழுதிக் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முழுவதும் படித்தார்.

"அம்மா வேற என்ன எழுதியிருக்கா?"

"தையல் வேலையாம்பா. அறை எடுத்திருக்காளாம்."

"வேற?"

"அவ்வளவுதான்."

பிறகு கையெழுத்துப் போட்டார். மையில் விரல் பட்டு இழுத்துவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது, அது போதும்.

இந்த நோட்டில் நான் எதையும் மறைத்ததில்லை. அந்த ஒரு வரியை மட்டும் இங்கே எழுதவில்லை. ரயில் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு.