இரண்டாவது சாட்சி

ஸ்ரீரங்கம்
18 நவம்பர் 2025, செவ்வாய், காலை 10.40
சாட்சிக் கையெழுத்து: வேண்டியது இரண்டு, இருப்பது ஒன்று.

அன்புள்ள கோதா அக்காவுக்கு,

ஹ்ருஷிகேஷ் எழுதுவது. போனில் சொன்னால் அத்திம்பேர் ஸ்பீக்கரில் போடுகிறார். அதனால்தான் கடிதம்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வரவில்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது.

உயில் விஷயம். நாடக சபாவுக்கு ஒத்திகை இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், நம் வீட்டு முன்கூடத்தை அவர்களுக்கு எழுதி அப்பா கையெழுத்தும் போட்டுவிட்டார். அத்தனை வருஷம் அவர்கள் மேடைக்கு லைட் போட்டவர் இல்லையா. முதல் சாட்சி கிளினிக் டாக்டர் வேதவதி. இரண்டாவதாக அப்பாவின் சிநேகிதர் வரதன் மாமா போட வேண்டியது. அன்று காலைதான் அவர் அண்ணா தவறிய செய்தி வந்தது. தீட்டோடு நல்ல காரியத்தில் கை வைக்க மாட்டேன், பதிமூன்றாம் நாள் சுபம் ஆனதும் வரேன் என்றார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்று நான் கத்தினேன். வரதன்தான் போடணும், நீ பேசாம இரு என்றார் அப்பா. ஒன்பதாம் நாள் அப்பாவே பக்கவாதத்தில் விழுந்தார்.

கையெழுத்து தன்னுடையதுதான் என்று மாமா முன்னால் புரிந்து தலையசைத்தாலே போதும் என்கிறார் வக்கீல். தினமும் மாமாவை ஸ்கூட்டரில் மன்னார்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காகிதத்தைக் காட்டுகிறேன். அப்பா விட்டுவிட்டு எரியும் டியூப்லைட்டையே பார்க்கிறார். தினம் பரீட்சை வைக்கிறீங்களே சார், பாஸ் போட்டு விட்டுடுங்க என்கிறாள் நர்ஸ் கனிஷ்கா.

பழைய தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவன் ஒத்துண்டாதான் போடுவேன், இல்லேன்னா அது பொய்டா என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரிப்பேருக்கு வந்த மோட்டார் என்றால் கழற்றிப் பார்ப்பேன். இதில் நான் என்ன செய்ய?

உயில் செல்லாவிட்டால் வீடு நமக்குப் பாதிப்பாதி. பில்டரிடம் பேசிவிட்டதாக அத்திம்பேர் சொன்னார். அப்பாவுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்.

இனி செய்யப்போவது:

1. நாளைக்கும் மாமாவைக் கூட்டிப்போவேன்.
2. அந்த டியூப்லைட்டை நானே மாற்றுவேன். அப்புறமாவது எங்களைப் பார்க்கிறாரா பார்க்கலாம்.
3. தலையசைக்காவிட்டால் என் பாதியை சபாவுக்கு எழுதிவிடுவேன். பாதிக் கூடத்தில் நாடகம் போட முடியாது, தெரியும்.
4. உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கு நாக்பூரிலிருந்து டிக்கெட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், ஒருவருக்குத்தான். நீ வந்து நின்றால் அப்பா டியூப்லைட்டைப் பார்க்க மாட்டார்.