சவ்வா மாமா நட்ட கிளைகள்

அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் காகிதத்தை யாருக்கும் காட்டாதே. முன்பக்கம் சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதைப் படித்ததும் கிளம்பிவிடாதே. பின்பக்கத்தையும் படி. தாஸ்யா.

அன்பு மகன் கிளிமுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் மாடும் சுகமாக இருக்கிறோம், நீ சுகந்தானா, அந்த நகரத்தில் வேளைக்கு வயிறு நிறையச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. இங்கே வசந்தம் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. போன வாரம் கூரையெல்லாம் சொட்டியது, நீ பிர்ச் மரத்தில் மாட்டிய பெட்டிக்குக் குருவி ஜோடி குடிவந்தது. அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு வார்வரா அவசரப்பட்டு, குளிருக்காக இரட்டைச் சன்னலின் நடுவே அடைத்திருந்த பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். மறுநாளே முழங்கால் அளவு பனி. இப்போது வீட்டுக்குள்ளேயே கம்பளி பூட்ஸோடு உட்கார்ந்து நடுங்குகிறாள். நேற்று வேலிக்கு மேலே தலையை நீட்டி, 'ஏன்டி அக்சீன்யா, உன் அடுப்போரமா எனக்கொரு மூலை குடேன், என் வீட்டுக்காரர் என்னைச் சூடு பண்ற காலமெல்லாம் போச்சு' என்றாள். அவள் புருஷன் சவ்வா சும்மா இருப்பானா, கொட்டகைக்குள் இருந்தே, 'பஞ்சைப் புடுங்கினது நீ, பழி எனக்கா? போய் அந்தக் குருவியைக் கேளு' என்று கத்தினான். சிரித்த சிரிப்பில் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டேன். பனி பெய்ததிலும் ஒரு நன்மை இருக்கிறது. பனிக்கட்டி இளகுகிறது, உறைந்த ஆற்றின் மேல் போகும் பாதையை மூடிவிட்டோம் என்று கிராமசபைக்காரர்கள் வழிகாட்டும் ஊசியிலைக் கிளைகளைப் பிடுங்கிப் போயிருந்தார்கள், குளிர் திரும்பியதும் சவ்வாவே புதுக் கிளைகள் வெட்டி அக்கரைவரை நட்டுவிட்டான். ஆகவே ஈஸ்டருக்கு நீ தாராளமாக வரலாம். போன வருடம் போல அக்கரையில் தீ மூட்டிக் காட்டு, சவ்வா வந்து கூட்டி வருவான், அவன் வரத் தாமதமானால் கிளைகளைப் பார்த்தபடி நடந்து வா. முட்டைக்குச் சாயம் போட வெங்காயத் தோல் சேர்த்து வைத்திருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வா. கடவுளின் கை உன் தலைமேல் இருக்கட்டும். நல்ல தேயிலை வாங்கிவர மறக்காதே. உன் வழி பார்த்திருக்கும் அம்மா, அக்சீன்யா.

இனி நான். அம்மா தூங்கிவிட்டாள், அடுப்பு மறைவில் மெழுகுவர்த்தியை வைத்து எழுதுகிறேன். அண்ணா, அந்தக் கிளைகளை நம்பாதே. பழைய பாதை ஓடை வந்து சேரும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும், உனக்கே தெரியும். அங்கே பனிக்கட்டி மெல்லிசு. புதுப்பனி மூடியிருந்ததால் சவ்வா மாமா நேராக அந்த இடத்தின் மேலேயே நட்டிருக்கிறார். நேற்று பள்ளி விட்டதும் போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தேன். விழப்போகும் பல் போல ஆடியது. அடியில் இருந்து பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது. மேலே மட்டும் எல்லாம் வெள்ளையாக, அழகாக இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். 'அடி வாலாட்டிக்குருவி, உன் கனத்துக்கு உடையற ஆறா இது?' என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என் சடையைப் பிடித்துக்கொண்டு, 'கிராமசபையில போய் உளறினே, என்னைத் தூக்கி உள்ளே வெச்சிடுவாங்க. வாயை மூடிக்கோ' என்றார். அம்மாவோ, 'நல்ல நாளும் அதுவுமா ஆந்தை மாதிரி அலறாதே, உங்க அண்ணன் வர்றது உனக்குப் பிடிக்கலையா?' என்று அதட்டினாள்.

அதனால் இன்று நானே பிடுங்கப் போனேன். நம் கரையோரம் மூன்று பிடுங்கினேன். நான்காவதை நெருங்கும்போது காலுக்குக் கீழே யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். ஓடி வந்துவிட்டேன். மற்றவை அப்படியே நிற்கின்றன. அக்கரையில் இருந்து பார்த்தால் பாதை நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

விடிந்ததும் மாமாதான் இந்தக் கடிதத்தை அக்கரை பஸ்காரரிடம் கொடுக்கப் போகிறார். அவர் கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்து நடப்பார். நீ கிளைகளை மட்டுமே பார்த்து நடப்பவன். ஈஸ்டர் போனால் போகட்டும் அண்ணா, ஆறு உடைந்து ஓடிய பிறகு படகில் வா. தேயிலை கூட வேண்டாம்.

சன்னலில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. அக்கரையில் தீ. மீன்பிடிக்காரர்களாக இருக்கும். நீயாக இருக்க முடியாது, கடிதம் இன்னும் என் கையில்தானே இருக்கிறது. நீயாக இருந்தால் தீயை விட்டு நகராதே. மாமா வரும்வரை அங்கேயே இரு.

தீயில் இருந்து ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் பிரிகிறது. கொள்ளியை யாரோ கையில் எடுத்துக்கொண்டது போல. கரையில் இருந்து கீழே இறங்குகிறது. நேராக வருகிறது.

கதவு தட்டும் சத்தம். வார்வரா அத்தை, 'அக்சீன்யா, எழுந்திருடி, உன் பையன்…