நிலவில் எண்ணெய்க் குளியல்

ஐப்பசி 23, காலை 7.00

சூட்டுத் தொட்டி முப்பத்தெட்டு டிகிரி. சமையல் தொட்டி முக்கால். ஆட்கள் நாலு. நாலு பேரும் நலம்.

எழுதுவது பேச்சிமுத்து. நிலாவின் தென்கோடியில் ஐஸ் தோண்டும் முகாமில் சமையலும் தண்ணீர்த் தொட்டிகளும் என் பொறுப்பு. படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் பெஞ்சு மேலே நின்றேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வருகிறவர் படிப்பதற்காகத் தினம் எழுத வேண்டும் என்று டாக்டர் ஷமீமா உத்தரவு. முகாமுக்குத் தலைவியும் அவர்தான். வருகிற மகராசரே, ஒன்று தெரிந்துகொள்ளும். இங்கே உப்பு நாக்கில் உறைக்காது. கொஞ்சம் கூடவே போடும்.

இங்குள்ள சூரியனை நம்பித் தேதி சொல்ல முடியாது. அதனால் ஊர்க் காலண்டர்தான்.

அணு உலையைக் குளிர வைக்கிற தண்ணீர் சூட்டுத் தொட்டியில் வந்து சேரும். குளிக்க மட்டும் எடுக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் வேறு தொட்டி. நாளை தீபாவளி. என் வீட்டுக்காரி பகவதி போன சரக்குக் கப்பலில் முறுக்கு மாவோடு ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீரும் கொடுத்தனுப்பியிருந்தாள். ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டாவது தலையில் படாவிட்டால் அது தீபாவளியே இல்லை அவளுக்கு. போன வாரமே சூட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

ஐப்பசி 24, காலை 10.30

சூட்டுத் தொட்டி முப்பத்தெட்டு. ஆட்கள் நாலு. நாலு பேரும் நலம். மூன்று பேர் எண்ணெய் வழிய.

இங்கே தண்ணீர் விழாது, யோசித்து யோசித்து இறங்கும். தலையில் ஊற்றினால் முகத்தில் ஒட்டிக்கொண்டு மூக்குக்குள் ஏறப் பார்க்கும். முதல் மக்குத் தண்ணீர் சவரிமுத்துவுக்கு. துளைபோடும் எந்திரம் ஓட்டுகிறவன், உவரிக்காரன். பாதித் தண்ணீரை மூக்கால் குடித்துவிட்டுத் தும்மித் தும்மிச் சிரித்தான். டாக்டரம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். ரம்ஜானுக்குக் கேட்டதையெல்லாம் சமைத்துப் போட்டீர்கள், இதற்கு வராமல் இருந்தால் முறையில்லை என்று தலையை அவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில் நான். வழுக்கைக்கு ஒரு மக்கு போதும்.

ஆவுடையப்பன் குளிக்கவில்லை. உலையைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக், சங்கரன்கோவில் பிள்ளை. போன கார்த்திகையில் அவன் அப்பா தவறிவிட்டார். வருஷம் திரும்பவில்லை, அதனால் அவனுக்குத் தீபாவளி இல்லை. உன் அப்பா பதினைந்து நாள் முந்திக் கிளம்பியிருந்தால் உனக்கும் ஒரு மக்குக் கிடைத்திருக்குமே என்று கேட்டேன். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு உலை அறைக்குப் போய்விட்டான். வாய் என் வாய்.

பின்னால் போய், திதி கழியட்டும் மாப்ளே, நானே எண்ணெய் தேய்த்து ஊற்றிவிடுகிறேன் என்றேன். வாக்கு மாறக் கூடாது மாமா என்றான்.

ஐப்பசி 28, பகல் 1.15

சூட்டுத் தொட்டி முப்பத்தெட்டு. ஆட்கள் நாலு, நலம்.

சவரி துளை வண்டியிலிருந்து பேசுபெட்டியில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ரசத்துல பெருங்காயத்த மறந்துட்டீராக்கும்? வாசமே இல்ல."

"ஒம் மூக்க எங்கயாவது கழட்டி வச்சிட்டு வந்திருப்ப. சீட்டுக்கு அடியில தேடிப் பாருடே."

"வெளயாட்டு இல்ல அண்ணாச்சி. ரசம் மணக்கல. வண்டிக்குள்ள துணி கருகுத மாதிரி மணக்கு."

ரசத்தை நான் குடித்துப் பார்த்தேன். பெருங்காயம் ஊரைத் தூக்குகிறது.

ஐப்பசி 29, மாலை 5.40

ஆட்கள் நாலு. ஒருவர் படுக்கையில்.

சவரிக்கு மண்டையிடி, காய்ச்சல். வாந்தி குமட்டிக்கொண்டு வரவில்லை, பீய்ச்சி அடித்தது. விளக்கைப் பார்த்தால் கத்துகிறான். டாக்டரம்மா அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னந்தலையில் கையைக் கொடுத்து நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு சேர்க்கப் பார்த்தார். கழுத்து மடங்கவே இல்லை. முதுகும் சேர்ந்து பலகை மாதிரி எழுந்து வந்தது.

மூளையைச் சுற்றியிருக்கும் உறை வீங்கினால் கழுத்து இப்படி விறைக்குமாம். கிருமியால் வரும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் வரும். இது எது என்று சொல்ல இங்கே கருவி இல்லை என்றார். இருந்த ஊசியைப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, உங்கள் தலையைக் குனியுங்கள் என்றார். குனிந்தேன். நாடி நெஞ்சைத் தொடும், தொப்பைதான் ஆட்சேபம் செய்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஐப்பசி 30, காலை 9.20

தரைநிலையத்திலிருந்து டாக்டர் காந்திமதி பேசினார்.

"தொத்து வியாதின்னுதான் நினைக்கிறோம். ஒருத்தர ஒருத்தர் தொடாதீங்க. உலை ஓட்டுறவர உடனே தனியா அடைங்க. அவருக்கு ஏதாவது ஆனா அங்க யாருக்கும் மூச்சு இல்ல."

ஆவுடையப்பனை உலை அறையிலேயே வைத்துப் பூட்டினேன். வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே கழிப்பறை இருக்கிறது, பாக்கெட்டுச் சாப்பாடும் பாட்டில் தண்ணீரும் இருக்கிறது. பேசுபெட்டி சமையலறைக்கு மட்டும் வரும். தரைநிலையம் சொல்வது அவனுக்குக் கேட்காது.

கார்த்திகை 3, காலை 6.50

ஆட்கள் மூன்று.

சவரி வலிப்பு வந்து போய்விட்டான். குளிர் அறையில் வைத்தேன். கழுத்துச் சிலுவையை எடுக்கவில்லை.

நேற்று முன்தினம் டாக்டரம்மா சமையலறைக்கு வந்து, அடுப்பில் ஏதாவது கருகுகிறதா என்று கேட்டார். அடுப்பே மூட்டவில்லை.  நான் சொன்னதும் அவராகவே தலையைக் குனிந்து பார்த்தார். பாதியில் நின்றது. நான் போய்ப் படுக்கிறேன், கிட்டே வராதீர்கள் என்றார்.

ஆவுடையப்பன் பேசுபெட்டியில், சவரி அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். குறட்டை விடுகிறான், அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் தூக்கம் போச்சு என்றேன். ஒற்றை ஆளாகப் பூட்டிக் கிடக்கிறவனிடம் வேறென்ன சொல்ல.

கார்த்திகை 5, பகல் 12.00

ஆட்கள் இரண்டு. டாக்டரம்மாவும் போய்விட்டார். கிட்டே போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏற்கனவே கிளம்பி வந்துவிட்ட மீட்புக் கப்பல் நிலாவைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இறங்காதாம். வியாதியை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, திருப்பி அனுப்பப் போகிறோம் என்றது தரைநிலையம். எனக்கு ஐம்பத்தொன்று, பார்த்தது போதும். ஆவுடையப்பனுக்கு இருபத்தொன்பது. அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை என்று கத்தினேன்.

கார்த்திகை 5, மாலை 4.30

டாக்டர் காந்திமதி மறுபடி பேசினார். "அவர் மட்டும் உங்கள்ல எதுலயாவது விலகி இருந்தாரா? சாப்பாடு, தண்ணி, படுக்கை?"

எல்லாம் ஒன்றுதான். பூட்டுவதற்கு முந்தின நாள்கூடச் சவரி தட்டில் கைவைத்துத் தின்றான். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒன்று சேர்த்தேன்.

"தீபாவளி மட்டுந்தாம்மா அவனுக்கு இல்ல."

"இல்லன்னா?"

சொன்னேன். தொட்டி எவ்வளவு சூடு என்று கேட்டார். ஆற்றுத் தண்ணீரை என்றைக்கு ஊற்றினேன் என்று கேட்டார். மூக்கில் ஏறியதா என்று இரண்டு தடவை கேட்டார்.

"இது அமீபா. வெதுவெதுப்பான தண்ணில பெருகும். குடிச்சா ஒண்ணும் செய்யாது, மூக்கு வழியா மூளைக்கு ஏறும். முதல்ல வாசனை போகும், இல்ல இல்லாத வாசனை வரும். ஆள்கிட்டேருந்து ஆளுக்கு ஒட்டாது. கப்பல் ஒன்பதாந்தேதி இறங்கும். தொட்டிய வடிச்சிராதீங்க, உலை சூடாயிரும். கதவத் திறந்து அவர்கிட்ட விஷயத்தச் சொல்லிருங்க. அந்தத் தண்ணிய அவர் தலைக்கு ஊத்தவே கூடாது." பிறகு, "நீங்க குளிச்சீங்களா?" என்றார்.

"ஒரு மக்கும்மா. வழுக்கைக்கு எதுக்கு அதுக்கு மேல."

பெருங்காய டப்பாவை எடுத்து முகரச் சொன்னார். முகர்ந்தேன். மணத்தது.

ஆற்றுத் தண்ணீரை ஊற்றியது இந்தக் கைதான். பகவதியிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டாம். மற்றதை எல்லாம் சொல்லலாம்.

கார்த்திகை 6, காலை 8.00

ஆட்கள் இரண்டு. இருவரும் நலம்.

கதவை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் சவரி அண்ணன் எங்கே என்பான். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டான்.

"மாமா, உடம்பெல்லாம் ஊறுது. எம் நாத்தம் எனக்கே தாங்கல. நாளைக்குத் திதி முடியுது. வாக்கு ஞாபகம் இருக்கா?"

"எண்ணெய்க் கூலி தனி."

"தாரேன்."

சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று விட்டேன். தலை லேசாகப் பாரம். தூக்கமில்லாததுதான்.

கார்த்திகை 7, காலை 6.15

பெருங்காய டப்பா மணக்கவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். மண்.

வாந்தி. நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே நாலு விரற்கடை நிற்கிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டேன். இந்த எழுதுபெட்டியின் திரை வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பேசுபெட்டியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சவரி செத்தது, டாக்டரம்மா செத்தது, தண்ணீர். அவன் சிரித்தான்.

"வாக்குலேருந்து நழுவ இப்படியுமா ஒரு சாக்கு? நாலு நாளைக்கு முந்தி கொறட்ட விட்டாருன்னு சொன்னீரு. இன்னைக்குச் செத்துட்டாருன்னு சொல்லுதீரு. நாளைக்கு எந்திரிச்சு வந்துருவாராக்கும்?"

சத்தியம் என்றேன். போன மாசம் உப்புமாவை வெண்பொங்கல் என்று சத்தியம் பண்ணினீரே மாமா என்றான்.

நான் சொன்னதில் எதை நம்புவான். கதவைத் திறந்து கையைப் பிடித்துக் குளிர் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பார்த்தால் நம்புவான். இப்போதே போகிறேன்.

கார்த்திகை 7

நடையில் விழுந்து கிடந்தேன். எழுந்தபோது கையில் சாவி. எதற்குச் சாவி என்று தெரியவில்லை. திரும்பி வந்து மேலே எழுதியதைப் படித்தேன். படித்ததும் தெரிந்தது.

திறக்க வேண்டும். காட்ட வேண்டும். தண்ணீர் வேண்டாம்.

திறக்க வேண்டும். காட்ட

சுவரிலும் எழுதிவைத்தேன், மஞ்சள்பொடியைக் குழைத்து. இருட்டில் தெரியவில்லை. விளக்கைப் போட முடியவில்லை. தலை.

கழுத்து மரம். டாக்டரம்மா இப்படித்தான் படுத்திருந்தார், பின்னால் வளைந்து, யாரோ மேலே கூப்பிட்ட மாதிரி. சவரி குறட்டை விடுகிறான். நான் பொய் சொல்லவில்லை பாருங்கள், கேட்கிறது.

திறக்க வேண்டும்.

ஏதோ மணக்கிறது. நல்லெண்ணெயும் சீயக்காயும்.

தீபாவளி, காலை

சூட்டுத் தொட்டி முப்பத்தெட்டு டிகிரி. ஆட்கள் நாலு. நாலு பேரும் நலம்.

மண்டையிடி இல்லை. கதவைத் திறந்துவிட்டேன். திறக்க வேண்டும் என்று இருந்தது, திறந்தேன். ஆவுடையப்பன் தாடியும் மீசையுமாக வெளியே வந்தான். ஏன் மாமா இருட்டாகக் கிடக்கிறது என்றான். வெடி போட்டால்தான் வெளிச்சம் என்றேன். தலையைத் திருப்பாமலே பேசுகிறீரே, கழுத்துப் பிடிப்பா என்றான். புது மாப்பிள்ளை, மாலை கனக்கிறது என்றேன். சிரித்தான். எத்தனை நாளாயிற்று அவன் சிரிப்பைக் கிட்டேயிருந்து கேட்டு.

சவரி அண்ணன் எங்கே என்றான். அவனுக்குத்தான் முதல் மக்கு, ஆயிற்று, தலை துவட்டிக்கொண்டிருக்கிறான் என்றேன். எனக்குத் தெரியும் மாமா, காலையிலேயே பயங்காட்டப் பார்த்தீர் என்றான்.

ஏதோ ஒன்றை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. குளிர்ந்த ஒன்று. போகட்டும், குளித்துவிட்டுக் காட்டலாம்.

மணையில் உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய் தேய்த்தாயிற்று. வருஷம் கழிந்துவிட்டது, இனி அவனுக்கு ஒரு தடையும் இல்லை. வாக்கு வாக்குதான். தண்ணீர் நல்ல வெதுவெதுப்பு. மக்கு நிறைய அள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், டாக்டரம்மா தினம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

குனிடா மாப்ளே என்றேன்.

குனிந்தான். அவ்வளவு லேசாகக் குனிந்தான். நாடி நெஞ்சில் போய் அழகாகப் பட்டது.