ரிஜிஸ்டரில் இல்லாத பிறந்தநாள்

பண்டமாரான், கிள்ளான்
15.9.2024

கர்த்தருக்குள் பிரியமான உஷாராணிக்கு,

தங்கமணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். என் முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. நீ கேட்ட பாட்டுப் புத்தகத்தை பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கி, அதற்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரடி கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசி அனுப்பத்தான் பார்த்தேன். இரண்டு முறை பாதியிலேயே அழித்துவிட்டேன்.

நீ மெல்பர்ன் போகும்போது என்னிடம் விட்டுப்போன ஞாயிறு பள்ளி வகுப்பில் இப்போது இருபத்தொரு பிள்ளைகள். ஏழு பேர்தான் நம் தமிழ்ப் பிள்ளைகள். மற்றவர்கள் பர்மாவிலிருந்து வந்த சின் அகதிகளின் பிள்ளைகள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் சபை தூரத்தில் இருப்பதால், லியான் என்கிற அவர்கள் ஆள் வேனில் ஏற்றிவந்து நம்மிடம் விடுகிறார். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, தமிழ் அவர்களுக்குத் தெரியாது. நடுவில் கிடந்து அல்லாடுவது கடைத்தெருவில் பொறுக்கிய என் பாசார் மலாய். நான் நோவாவின் கப்பலை மலாயில் ஓட்டுகிற லட்சணத்துக்கு அது எந்த மலைக்கும் போய்ச் சேராது, போர்ட் கிள்ளானிலேயே தரைதட்டிவிடும். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில்தான் போர்டில் எழுதுகிறேன். இருபத்தொன்றும் ஒரே குரலில் பாடுகின்றன. அர்த்தம் யாருக்கும் தெரியாது.

நீ ஆரம்பித்த பழக்கத்தை நான் விடவில்லை. பிறந்தநாள் பிள்ளை முன்னால் வரும், எல்லாரும் பாடுவோம், நான் தலையில் கைவைத்து ஜெபிப்பேன், ஒரு பென்சில் பெட்டி கொடுப்பேன். இந்த வருஷம் ஜனவரி முதல் ஞாயிறு ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் வாசித்தால், சின் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஜனவரி ஒன்று. ஒன்பதும் வரிசையாக வந்து நின்றன. சூப்பரின்டென்டென்ட் ஜெயராஜ் அண்ணன் என் காதில், "அந்த ஊர்ல எல்லாரும் நியூ இயருக்குத்தான் பிள்ள பெத்துக்குவாங்க போல லா" என்றார். நானும் சிரித்தேன். ஏன் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஒன்பதில் ஒருத்தி சுய் பார். எட்டு வயது. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், பாட்டு மட்டும் கணீரென்று வரும். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அவர்கள் ஊர்ச் சிவப்புத் துணி உடுத்தி, எல்லாருக்கும் இனிப்புப் பொட்டலம் எடுத்துக்கொண்டு, நான் கூப்பிடாமலே முன்னால் வந்து நின்றாள். இன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாளாம்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கும் ரிஜிஸ்டரும் எழுதும் கிராணியாக இருந்தவள். எனக்கு ரிஜிஸ்டரில் இருந்தால்தான் உண்டு. திறந்து பார்த்தேன், ஜனவரி ஒன்று. உனக்குத்தான் ஜனவரியிலேயே பென்சில் பெட்டி கொடுத்தாயிற்றே, ஆண்டவர் வீட்டில் நின்று பொய் சொல்லலாமா என்று மலாயில் கேட்டேன். அன்றைக்குப் பார்த்து என் மலாய் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது. பிள்ளைகள் சிரித்தன. அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "டீச்சர், இனி யாங் பெத்துல்." இதுதான் சரியான நாள் என்று. போய் உட்கார் என்றேன். போய் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. அடம் பிடிக்கிறாள், தானாக வருவாள் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் லியானிடம் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காடு வழியாக ஓடிவந்தவர்களிடம் பிறப்புப் பத்திரம் ஏது? இங்கே அகதி அட்டைக்குப் பதியும்போது தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுகிறார்களாம். தன் நிஜமான நாளைக் கேட்டு சுய் பார் அம்மாவை நச்சரித்திருக்கிறாள். ஊரில் இருக்கும் அத்தை, செத்துப்போன அவள் அப்பாவின் வேதபுத்தகத்தைத் தேடி எடுத்து, அதன் கடைசித் தாளில் அவர் எழுதிவைத்த தேதியைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் படம் வந்தது ஆகஸ்ட் முதல் வாரம்.

உஷா, என் ஐ.சி. அடையாள அட்டையில் இருப்பது மார்ச் மூன்று. நான் பிறந்தது ஜனவரிக் கடைசி. தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு லீவு கிடைத்து டவுனுக்குப் போய்ப் பதிந்த நாளைத்தான் எனக்குப் பிறந்தநாளாக எழுதிவிட்டார்கள். அறுபத்திரண்டு வருஷமாக இரண்டு பிறந்தநாளோடு திரிகிறவள் நான். எட்டு வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்தவர்களுக்கு விசா வந்து, நான் லியானிடம் பேசுவதற்கு மூன்று நாள் முன்புதான், ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, தாயும் மகளும் விமானம் ஏறியிருக்கிறார்கள். போகுமுன் டீச்சரிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று அம்மா கூப்பிட்டிருக்கிறாள். இவள் வேனில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாளாம்.

போன ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அவள் சொன்னதுதான் உண்மை என்று தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

அவர்கள் வந்து இறங்கியிருப்பது உன் மெல்பர்ன். கிழக்குப் பக்கம், சின் ஜனங்கள் நிறையப் பேர் இருக்கும் இடமாம். லியான் கொடுத்த நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆகஸ்ட் வரை பொறுக்க என்னால் ஆகாது. ஏதாவது ஒரு சனிக்கிழமை போ. நாலு பேர் பார்க்க அவளை முன்னால் நிறுத்து; நான் உட்காரவைத்தது நாலு பேர் முன்னால்தான். அவள் தலையில் கைவைத்துத் தமிழிலேயே ஜெபம் பண்ணு. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், அது எதற்கான ஜெபம் என்று அவளுக்குத் தெரியும். யார் அனுப்பியது என்று கேட்டால் என் பெயரைச் சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றால் வற்புறுத்தாதே. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. என்ன நடந்தது என்று மட்டும் மறைக்காமல் எழுது.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. உன் கால்களை அந்த வீட்டு வாசல்வரை அவரே நடத்துவாராக.

உன் சிநேகிதி,
தங்கமணி