பின்னால் துடுப்புப் போட்டவர்

பூனா, 4-2-1969

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நலம். மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. பட்டாளத்துப் படகுப் பந்தயத்தில், இரண்டு பேர் ஓட்டும் கனூப் படகுக்கு மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். இப்போது வேலூர்க்காரன் பாபு. நல்ல பலசாலி, ஆனால் எங்கள் துடுப்புகள் சேர்ந்து விழுவதில்லை. ஆயிரம் மீட்டரில் மறுபடியும் கடைசி. ஊரில் பேத்தமங்களா ஏரியில் நீங்கள் பின்னால் துடுப்புப் போட்டபோது நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அடுத்த மாதம் இங்கே ஆள் எடுக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது. வந்துவிடுங்கள்.

தம்பி சித்தார்த்தன்

கோரமண்டல், 19-2-1969

அன்புத் தம்பிக்கு,

நைனாவுக்கு இருமல் குறையவில்லை. எனக்கும் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், லீவு கிடைக்காது. "குந்திக்கினு ஆடறதும் ஒரு ஆட்டமாடா?" என்று நைனா இன்னும் கேட்கிறார். ஆனாலும் நீ அனுப்பிய போட்டோவைத் தன் ஆக்கி டீம் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

கோவிந்தசாமி

பூனா, 6-3-1969

அண்ணா,

இருமல், ஷிப்ட் என்று சாக்குச் சொல்லாதீர்கள். என்னைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் தங்கச் சுரங்கத்தில் இறங்கினீர்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் அதுதான் என்னை அழுத்துகிறது. விண்ணப்பத்தை நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

சித்தார்த்தன்

கோரமண்டல், 21-3-1969

தம்பி,

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இன்றுவரை நீச்சல் தெரியாது. நைனா ஆக்கி, பெரியப்பா குத்துச்சண்டை. நம் வீட்டில் எதுவும் ஆடாதவனை யார் மதித்தார்கள்? அதனால் உன் படகில் ஏறினேன். உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் கரை சேர வேண்டுமே என்று துடுப்புப் போட்டேன். அதைத்தான் நீ வேகம் என்று நினைத்தாய். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் இரண்டாயிரம் அடி இறங்கும்போது எனக்கு நெஞ்சு படபடப்பதில்லை. உனக்காக நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையடா. பாபுவைக் குறை சொல்லாதே.

கோவிந்தசாமி

பூனா, 28-4-1969

அன்புள்ள அண்ணனுக்கு,

பல நாள் கோபமாக இருந்தேன், அதனால்தான் பதில் எழுதவில்லை. பிறகு பாபுவிடமே கேட்டேன், நமக்குள் என்ன சரியில்லை என்று. "படகு கிளம்பறதுக்கு முன்னே 'அண்ணா, ரெடியா'ன்னு கேக்கறே. நான் இன்னா உனக்கு அண்ணனா?" என்றான். நான் அப்படிக் கேட்பது எனக்கே தெரியாது.

நேற்று அவன் பேரைச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவதாக வந்தோம்.

இனி உங்களைக் கூப்பிட மாட்டேன். நாலு வருடம் அத்தனை பயத்தோடு என் பின்னால் உட்கார்ந்திருந்தீர்களே, அண்ணா.

சித்தார்த்தன்